வெதூரியா அம்மாளுக்கு வந்த அழைப்புகள்

வெதூரியா அம்மாள் முட்டைக்கோஸ் இலையில் கறி பொதிந்து செய்யும் சார்மாலேயில் புளிப்பு கொஞ்சம் தூக்கல். முட்டைக்கோஸை அளவுக்கு மேல் ஊறவிடுகிறார் என்று நினைக்கிறேன். மற்றபடி அந்த அம்மாள்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை, மேடம்.

நம் நிறுவனம் கிளவுடில் வாடகைக்கு எடுத்து ஓட்டும் கணினிகளைக் கணக்கெடுப்பது என் வேலை. எது ஓடுகிறது, யார் தொடங்கியது என்று என் ஸ்கிரிப்ட் கேட்கும், பதில் வரும். அப்படித்தான் உரிமையாளர் பெயரில்லாமல் ‘அம்மா’ என்றொரு கணினி அகப்பட்டது.

திறந்தால் பக்கத்து மேசை டிராகோஷின் குரல். லுகோஜில் தனியாக இருக்கும் தாய் வெதூரியா அம்மாளைத் தினமும் சாயங்காலம் தனக்குப் பதில் கூப்பிட்டுப் பேச ஒரு நிரல் எழுதி வைத்திருந்தான். பெற்றவளை இப்படியா ஏமாற்றுவது? விதிப்படி நான் அதை அணைத்திருக்க வேண்டும். அந்த அம்மாள் போனுக்குக் காத்திருப்பாரே என்று மனசு கேட்கவில்லை. நிரல் பேசுவதில் ஒரே ஒரு வரி மட்டும் சேர்த்தேன்.

“எங்க ஆபீஸ்ல ஹொராட்சியுன்னு ஒருத்தன்மா. எலும்பும் தோலுமா இருக்கான்.”

“அய்யோ பாவம், ஆக்கிப்போட ஆளில்லியாடா? பஸ் டிரைவர்கிட்ட குடுத்தனுப்பறேன், வந்து வாங்கிக்கச் சொல்லு.”

ஹொராட்சியு நான்தான். முதலில் சார்மாலே வந்தது, பிறகு ப்ளம் ஜாம், புகைபோட்ட சாசேஜ். குளிர் தொடங்கியதும் கம்பளிக் காலுறை. அளவு கச்சிதம், அவர் கேட்டிருக்கிறார், நிரல் சொல்லியிருக்கிறது.

ஈஸ்டருக்கு டிராகோஷ் ஊருக்குப் போனான். “போன்ல தேனாப் பேசுற, நேர்ல வந்தா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறியேடா” என்றாராம். அவனுக்கு வெட்கமாகிவிட்டது. இனி நானே கூப்பிடுகிறேன் என்று கணினியை அணைக்கப் பார்த்தான். கடவுச்சொல்லை நான் மாற்றியிருந்தேன்.

அவன் பேச்சு உங்களுக்குத் தெரியாததா? ஆமா, இல்ல, சரி. நிரல் அப்படியல்ல, அந்த அம்மாளின் முதுகுவலியை விசாரிக்கும், பூனையை விசாரிக்கும். அவர் நலத்தை நினைத்துத்தான் இன்னொரு வரியும் எழுதினேன்: “என் குரல்ல வேற யாராவது கூப்பிட்டா வெச்சுடும்மா. மோசடிக்காரங்க.”

அவன் கூப்பிட்டான். “எம்புள்ள இப்பத்தான் பேசிட்டு வெச்சான், போடா திருட்டுப்பயலே” என்று வைத்துவிட்டார். மூன்று முறை. அதன் பிறகுதான் உங்களிடம் அழுதுகொண்டு வந்திருக்கிறான்.

ஆமாம், மகனைத் தாயிடமிருந்து பிரித்தது நான்தான். ஆனால் தாயைத் தவிக்கவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

என் அம்மாவா? ஆராடில் இருக்கிறாள். அவளை மறப்பேனா, மேடம்? அவள் எண்ணையும் அதே கணினியில் சேர்த்து ஒரு வருஷமாகிறது. குரல் டிராகோஷுடையதுதான், இதுவரை அவள் ஒன்றும் சொன்னதில்லை.