பத்துத் தடவை எழுதிய கடிதம்

டீ ஆறுகிறது தம்பி, முதலில் குடியுங்கள். கீழே உரக்கடை என்பதால் வாடை மாடி வரைக்கும் ஏறும். கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். இலுப்பூரில் என் ஆங்கில வகுப்புக்கு வருகிற எல்லோரிடமும் முதல் நாள் இதைத்தான் சொல்வேன். உங்கள் தங்கை சொர்ணவல்லியிடமும் சொன்னேன்.

அப்போது அவள் பிளஸ் டூ. நீங்கள் மஸ்கட்டுக்குப் போன புதிது. அந்தச் சுவரைப் பாருங்கள். நம் ஊர்க்காரர்கள் ஆங்கிலத்தில் வழக்கமாகச் செய்கிற நூறு தவறுகளை என் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். என் வகுப்பில் ஒரே ஒரு சட்டம்தான். நான் சிவப்பு மையில் திருத்தியதைப் பத்துத் தடவை எழுதிக் காட்ட வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. கை பழகிவிட்டால் புத்தி பின்னாலேயே வந்துவிடும்.

ஒரு நாள் போர்டில் 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதிவிட்டேன். உங்கள் தங்கை எழுந்து நின்றாள்.

"சார், டிஸ்கஸுக்குப் பின்னால அபவுட் வராதுன்னு நீங்கதானே செவத்துல எழுதி ஒட்டியிருக்கீங்க?"

மரியாதையாகத்தான் கேட்டாள். நாற்பது பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அவளுக்கு ஒரு பேனா பரிசு கொடுத்தேன். அப்புறம் ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கல்லூரி முடித்ததும் இங்கேயே பாடம் நடத்த வந்தாள். வெளியூர்ப் பள்ளிகளுக்கு ஆங்கில ஆசிரியை வேலை கேட்டு எழுதினால், அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டுவாள். முதல் விண்ணப்பத்தில் ஒரு பிழைகூட இல்லை. இரண்டு தடவை தேடிப் பார்த்தேன். பிறகு சிவப்புப் பேனாவைத் திறந்து, அவள் 'டிஸ்கஸ்' என்று எழுதியிருந்த இடத்தில் அந்த அபவுட்டைச் சேர்த்தேன். இன்னும் இரண்டு இடங்களில் சரியானதை அடித்துத் தப்பானதை எழுதினேன்.

"சார், இது வராதுல்ல?" என்றாள்.

"பேச்சுல வராதும்மா. விண்ணப்பத்துல வரும். இது தெரியாமத்தான் பாதிப் பேருக்கு வேலை கெடைக்க மாட்டேங்குது."

பத்துத் தடவை எழுதிக் காட்டிவிட்டு அனுப்பினாள். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வருகிறவளிடமிருந்து அப்படி ஒரு கடிதம் போனால் யார் கூப்பிடுவார்கள்?

நான்கு வருடத்தில் பதினோரு விண்ணப்பங்கள். பதில் வராத ஒவ்வொரு முறையும், "இன்னும் தப்பு இருக்கும் போல சார்" என்று அடுத்ததை நீட்டுவாள். சரியாக எழுதியதையும் தானே அடித்துவிட்டு நீட்ட ஆரம்பித்தாள். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

பதினோராவதைப் பார்த்துத் திருச்சியில் ஒரு பள்ளியில் கூப்பிட்டார்கள். அங்கே மூன்று பேர் அவள் கடிதத்தை அவளை வைத்துக்கொண்டே உரக்கப் படித்துச் சிரித்தார்களாம். யாரிடம் ஆங்கிலம் படித்தாய் என்று கேட்டதற்கு என் பெயரை அவள் சொல்லவே இல்லையாம். என் பெயர் கெட்டுவிடக் கூடாதாம்.

அன்றிலிருந்து தமிழில்கூடப் பேசுவதில்லை என்கிறீர்கள். தண்ணீர் வேண்டுமென்றாலும் தாளில் எழுதி, அடித்து, மறுபடி எழுதித்தான் உங்கள் ஆத்தாவிடம் நீட்டுகிறாள் என்றீர்கள். பத்துத் தடவையா என்று கேட்டேன். நீங்கள் முறைத்தீர்கள்.

நீங்கள் கொண்டுவந்திருக்கும் பதினோரு தாள்களிலும் உள்ள சிவப்பு மை என்னுடையதுதான். தெரியாமல் செய்யவில்லை. எது சரி என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருந்தது. அதை அவளிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டேன். போலீஸில் கேட்டாலும் இதையே சொல்வேன். இதற்கு என்ன செக்‌ஷன் போடுவார்கள் என்றுதான் தெரியவில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவளை வீட்டில் சும்மா வைத்திருக்காதீர்கள், கையெழுத்தும் கெட்டுப்போகும். நாளைக்கு வகுப்புக்கு அனுப்பி வையுங்கள். நல்ல பிள்ளை, சொன்னால் கேட்கும். நான் சரி பண்ணிவிடுகிறேன்.