முன்னால் ‘இன்’ வந்தால்

ஆங்கிலம் கற்றுக்கொள்ள அகராதி முழுவதையும் உருப்போட வேண்டியதில்லை சார். இரண்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டால் போதும், அந்த எழுத்து சேர்ந்த வார்த்தைகளெல்லாம் தானாகப் பின்னால் வந்துவிடும். ரேணிகுண்டாவில் என் வகுப்புக்கு ஆள் வந்ததே இந்த முறையால்தான்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. வெல்டர் சாய்குமாருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியுமா, தெரியாதா. தெரியும் என்று சொல்லிவிட்டு நான் எழுந்து போயிருக்கலாம். நீங்கள் தமிழ் பேசுகிற எஸ்.ஐ. என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் நகரி. வீட்டில் பவர்லூம் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து எம்.ஏ. இங்கிலீஷ் முடித்தேன். அரசுப் பள்ளி வேலை கிடைக்கவில்லை. ரேணிகுண்டாவில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியைப் பிடித்து ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு ஆரம்பித்தேன். ஊரில் என் தம்பி இன்றைக்கும் என்னை ‘ஏ பி சி டி வாத்தியார்’ என்றுதான் சொல்வான். அந்த மாடியில் மட்டும்தான் நான் உள்ளே நுழைந்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள்.

சாய்குமார் வடமாலபேட்டைப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பையன். தாமோதரன் ஒர்க்‌ஷாப்பில் கேஸ் கட்டிங், வெல்டிங் வேலை. கத்தாருக்குப் போக வேண்டும், அதற்கு நாலு வார்த்தை இங்கிலீஷ் வேண்டும் என்று வந்தான். அவன் பெண்சாதி துர்காதேவி கைக்குழந்தையோடு வந்து, “பத்தாவது கூட முடிக்கல சார், திட்டாம சொல்லிக் குடுங்க” என்று கேட்டுக்கொண்டாள். திட்ட வேண்டியே வரவில்லை. நான் சொல்வதை அப்படியே பிடித்துக்கொள்வான். ஏன் என்று கேட்க மாட்டான். அப்படிப்பட்ட மாணவன் கிடைப்பது அபூர்வம்.

ஒரு நாள் ‘இன்’ என்ற எழுத்துகளில் தொடங்கும் வார்த்தைகளை எடுத்தேன். முன்னால் ‘இன்’ வந்தால் ‘இல்லை’ என்று அர்த்தம். கரெக்ட் என்றால் சரி, இன்கரெக்ட் என்றால் சரியில்லை. விசிபிள் என்றால் கண்ணுக்குத் தெரிவது, இன்விசிபிள் என்றால் தெரியாதது. வகுப்பு முழுக்க ஒரே குரலில் சொல்லிக்கொண்டு வந்தது. அந்த வேகத்தில் நானே இன்னொன்றையும் சேர்த்தேன். ஃப்ளேமபிள் என்றால் தீப்பிடிக்கும், இன்ஃப்ளேமபிள் என்றால் தீப்பிடிக்காது.

காவ்யா என்று ஒரு பெண், டிகிரி இரண்டாம் வருஷம், கையைத் தூக்கினாள். “சார், ஃபோன்ல வேற மாதிரி போட்டிருக்குது. ரெண்டுமே தீப்பிடிக்கும்னுதான் அர்த்தமாம்.”

நான் கோபப்படவில்லை. “ஃபோனே சொல்லிக் குடுக்கும்னா நீ எதுக்கும்மா மாடி ஏறி வர்ற?” என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளை எழுந்து நிற்கச் சொல்லி, நான் சொன்ன அர்த்தத்தையே வகுப்புக்குச் சத்தமாகச் சொல்ல வைத்தேன். சொன்னாள். கண் கலங்கியிருந்தது. மறுநாளிலிருந்து வரவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அகராதியைப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. அந்த ‘இன்’ வேறு ‘இன்’. இல்லை என்பதைச் சொல்வதல்ல, நன்றாகப் பற்றும் என்பதைச் சொல்வது. எம்.ஏ. படித்தவனுக்கு இது தெரியாமல் போனதில் எனக்கே ஆச்சரியம்தான்.

மறுநாள் திருத்தியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. நானும் நினைத்தேன். வகுப்பில் போய் நின்றேன், எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒரு பெண்ணைப் பார்த்து எல்லோரையும் சிரிக்க வைத்து அனுப்பியிருக்கிறேன். இப்போது அவள்தான் சரி என்று சொன்னால், அதற்கு முன் நான் சொல்லிக்கொடுத்த ஒவ்வொரு வார்த்தையையும் ஃபோனில் தேடிப் பார்ப்பார்கள். ஒரு வார்த்தைக்காக அத்தனையையும் விடுவது புத்திசாலித்தனமாகப் படவில்லை. மாசக் கடைசியில் வைத்த டெஸ்ட்டில் அதையும் ஒரு கேள்வியாகக் கேட்டேன். கேட்காமல் விட்டால் நான் பயந்துவிட்டேன் என்று நினைப்பார்கள் இல்லையா. சாய்குமார் தீப்பிடிக்காது என்று எழுதியிருந்தான். சரி என்று மார்க் போட்டேன். அந்த டெஸ்ட்டில் அவன்தான் முதல். அவனுக்குச் சர்டிபிகேட் கொடுத்ததும் அதை வைத்துத்தான்.

இனி ஒர்க்‌ஷாப் விஷயம். வகுப்பு போர்டுக்கு ஒரு இரும்பு ஸ்டாண்டு செய்யச் சொல்லியிருந்தேன், அதை வாங்கத்தான் போனேன். மூடிப்போன ஏதோ கம்பெனியிலிருந்து தாமோதரன் பழைய டிரம்கள் எடுத்துவந்திருந்தார். இரண்டாக அறுத்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டியாக விற்பதற்கு. சாய்குமார் எந்த டிரம்மாக இருந்தாலும் தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான் அறுப்பான். உள்ளே மிச்சமிருக்கிற ஆவி பற்றிக்கொள்ளும் என்பது அவன் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. அன்றைக்குத் தண்ணீர் லாரி வரவில்லை.

“நாளைக்கு அறுத்துக்கலாம்ணா,” என்று அவன்தான் சொல்லிக்கொண்டிருந்தான். தாமோதரனுக்கு அவசரம். அப்போதுதான் டிரம்மின் மேல் ஒட்டியிருந்த தாளைச் சாய்குமார் துடைத்துப் பார்த்தான். எழுத்துக் கூட்டிப் படித்தான். முகம் மலர்ந்துவிட்டது.

“சார், இத்த பாருங்க. ஹைலி இன்ஃப்ளேமபிள்னு போட்டுக்கீது. ஹைலின்னா ரொம்ப. நம்ம ‘இன்’னுதானே சார் இது? ரொம்பவே தீப்பிடிக்காது.” தாமோதரன் பக்கம் திரும்பி, “எங்க சார்ண்ணா. இவர்தான் எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தாரு,” என்றான்.

வேலையாட்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தாமோதரன் கேட்டார்: “ஏம் சார், அப்படியே அறுக்கலாமா? இல்ல, தண்ணி வந்தப்புறம் பாத்துக்கலாமா?”

நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். அதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும். வாய் தவறிச் சொன்னதல்ல. இல்லை என்று சொன்னால், ‘நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க’ என்று சாய்குமார் கேட்பான். குத்திக்காட்ட இல்லை, வெகுளியாகக் கேட்பான். அத்தனை பேர் முன்னால் கேட்பான். சாயங்காலத்துக்குள் அது மாடிக்கு வந்துவிடும்.

“முன்னால் இன் வந்தால் இல்லைன்னு அர்த்தம்,” என்றேன். பாடம் சொல்கிற குரலில்தான் சொன்னேன்.

சாய்குமாருக்கு அவ்வளவு சந்தோஷம். “ஸ்டாண்டு சாயங்காலம் நானே கொண்டாந்து போடுறேன் சார்” என்று சொல்லிவிட்டுக் கட்டிங் டார்ச்சை எடுத்தான்.

ஒர்க்‌ஷாப்புக்கு எதிரிலேயே டீக்கடை இருக்கிறது. அங்கே போனால் அதில்தான் குடிப்பேன். அன்றைக்கு அங்கே உட்காரவில்லை. ரயில்வே கேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இருக்கிற கடைக்கு நடந்தேன். வேகமாக நடந்ததாக ஞாபகம். டீ சொல்லி, டம்ளர் கைக்கு வருவதற்குள் சத்தம் கேட்டது. கடைக்காரர், “டயர் வெடிச்சிருக்கும்” என்றார். டீயைக் குடித்துவிட்டு, அந்தப் பக்கத்து ரோட்டிலேயே வீட்டுக்குப் போனேன்.

வெடித்த டிரம்மின் மூடி சாய்குமார் நெஞ்சில் அடித்ததாகச் சொன்னார்கள். திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டானாம். வடமாலபேட்டையில் எரித்தபோது நானும் போனேன். துர்காதேவி என் காலில் விழுந்து, “உங்களத்தான் தெய்வம்னு சொல்லிக்கினு இருந்தாரு சார்” என்று அழுதாள். எழுந்திரும்மா என்றேன்.

இப்போது தாமோதரன், இவனுக்கு இங்கிலீஷ் தெரியும், சர்டிபிகேட் இருக்கிறது, எச்சரிக்கையைப் படித்தும் அலட்சியமாக அறுத்தான், நஷ்ட ஈடு தர முடியாது என்கிறார். துர்காதேவி தரப்பு வக்கீலோ, அவனுக்கு இங்கிலீஷே தெரியாது, சர்டிபிகேட் வெறும் காகிதம் என்கிறார். தாமோதரன் சொன்னபோது நான் பேசாமல்தான் இருந்தேன். வக்கீல் சொன்னதைக் கேட்ட பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. அதனால்தான் வந்தேன்.

அவனுக்குத் தெரியும் சார். ஒரு எழுத்து விடாமல் படித்தான். நான் சொல்லிக்கொடுத்த அர்த்தத்தைத் தப்பில்லாமல் சொன்னான். அந்த அர்த்தம் தப்பு என்று எனக்குத் தெரியும், டிரம் வெடிக்கும் என்றும் தெரியும். தெரிந்துதான் அறுக்க விட்டேன். இதை அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என்ன தண்டனையோ கொடுங்கள்.

ஆனால் காவ்யாவையும் ஒரு முறை கூப்பிட்டு விசாரியுங்கள். எல்லோர் முன்னாலும் அவள் அன்றைக்குக் கையைத் தூக்காமல் என்னிடம் தனியாக வந்து சொல்லியிருந்தால், அந்தப் பையன் செத்திருக்க மாட்டான்.