பதினாலாவது சட்டை

ஹலோ... அப்பாடா, எடுத்தியே. எங்க இருக்க நீ?... கடற்கரையிலயா? காலையில பாத்தோமே, அதுலயா?... ஆமா... ஆமா, நாங்க எல்லாரும் வேன்லதான் இருக்கோம். அருவிகூட பாத்து முடிச்சாச்சு.

எண்ணாம கிளம்பல. நான்தான் எண்ணினேன். பதினாலு மஞ்சள் சட்டை, சரியா இருந்துச்சு... உன் சட்டைதான் ஜன்னலோர சீட்ல இருக்கே. ஈரம் காயட்டும்னு விரிச்சு, மேல தொப்பியயும் மாட்டிட்டுப் போயிருக்க. பின்சீட்லருந்து பாத்தா நீதான்... சிரிக்காத. சட்டைய மாத்திட்டு மறுபடி எதுக்கு இறங்கின?... அம்மாவோட செருப்பத் தேடவா.

அப்பவே போன் பண்றதுக்கென்ன?... நாங்களா கண்டுபிடிக்கிறோமான்னு பாத்தியா. கண்டுபிடிச்சோம்ல... ஒன்றரை மணி நேரம் ஆச்சு, சரி. அம்மா உன்ன வாந்தி மாத்திரை கேட்டாங்க. பதில் இல்ல. தோள்ல தட்டினாங்க, தொப்பி விழுந்துச்சு.

கோவமா உக்காந்திருக்கன்னு நினைச்சேன். காலையில சண்டை போட்டோமில்ல... ஆமா, அரை மணி நேரம் கடல் பக்கத்துல சும்மா உக்காரணும்னு கேட்ட. நாலு நாள்ல பதினேழு இடம் இருக்கு, உக்காந்தா எப்படி... சரி. சரி, தப்புதான். அதையும் வேன்லயே சொன்னேனே... உன்கிட்டதான்... சட்டைகிட்ட... வேற என்ன சொன்னேனா? அத அப்புறம் சொல்றேன். இங்க எல்லாருக்கும் காது இருக்கு.

இரு, உன் கொழுந்தன் என்னமோ சொல்றான்... ஒண்ணுமில்ல. திரும்பி வந்தா கடைசிப் படகு போயிடுமாம். நீ ஏதாவது வண்டி பிடிச்சு நேரா படகுத் துறைக்கு வந்துடு... நான் சொல்லல, எல்லாரும் கை தூக்கி முடிவு பண்ணாங்க... பன்னெண்டு பேர்... நான் தூக்கல. போன் பிடிச்சிருந்தேன், கை ஒழியல.

என்னது?... எல்லார் பாஸ்போர்ட்டுமா? உன் பையிலயா?

டிரைவர், வண்டியத் திருப்புங்க. டேய், கையக் கீழ போடு.

ஹலோ... வந்துட்டே இருக்கோம். உனக்காகத்தான்... பாஸ்போர்ட்டுக்கு முன்னாடியே சொல்ல வாயெடுத்தேன். நீ கடற்கரை வாசல்ல வந்து நில்லு... தண்ணியிலயா இருக்க? பை எங்க?... கரையில தனியாவா? எந்திரி, போய் எடு... சட்டைகிட்ட சொன்னதச் சொன்னாத்தான் எந்திரிப்பியா? எல்லாருக்கும் கேக்கற மாதிரியா?... அம்மா இருக்காங்க... சரி. சரி, சொல்றேன்.

நீ இல்லாம இந்தக் குடும்பம் ஒரு அடி நகராது. இதான் சொன்னேன்... ஆமா, சட்டைகிட்ட... ஆமா, வண்டி ஓடும்போதுதான்...

எவ்வளவு தூரம் வந்திருக்கோமா?... இரு, கேக்கறேன்... நாப்பத்திரெண்டு கிலோமீட்டராம்.

ஹலோ... ஹலோ?