கடைசி இலக்கத்தின் மேல் கட்டைவிரல்

டீச்சர், ஸக்கியா இரத்தோட்டையிலிருந்து வரும் பஸ்ஸில் யாராவது கிராம்பு மூட்டை ஏற்றினால், அன்று முழுவதும் அவளுடைய தலைத்துணியில் அந்த வாசனை இருக்கும். நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதச் சொன்னீர்கள். எனக்கு எல்லாம் அந்த வாசனையில்தான் தொடங்குகிறது.

திங்கட்கிழமை தொலைபேசியில் நீங்கள் சத்தம் போடவில்லை. "பிள்ளை, ஸக்கியாவை பஸ் நிலையத்தில கண்டனான். தான் பெயில் எண்டு சொல்லுறா. அவவின்ர நம்பரை நான் பாஸ் பட்டியல்ல என்ர கண்ணால பார்த்தனான். என்ன நடந்தது எண்டு எழுதித் தாரும். நீரே அவவுக்குச் சொல்லும். இல்லாட்டி வெள்ளிக்கிழமை நான் வந்து சொல்லுவன்" என்றீர்கள். முப்பது வருடம் நீதிமன்றத்தில் சாட்சிகளின் சொல்லைக் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தவர் நீங்கள். நானும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கு நாங்கள் இருவரும் படித்த எட்டு மாதங்களும் உங்களுக்குத் தெரியும். தெரியாதது, உங்கள் வகுப்பு முடிந்தபிறகு எங்கள் புடவைக் கடைக்கு மேலே இருக்கும் என் அறையில் நடந்தது. கேள்வியை நான் கேட்பேன், அவள் கட்டிலில் நின்றுகொண்டு பதில் சொல்வாள்.

"உலகத்திலேயே சின்ன நாடு?"

"ஒங்க வீட்டு குசினி."

"சரியா சொல்லு டீ."

"கனம் கோர்ட்டார் அவர்களே, ரெண்டு பேர் நின்னா மூணாவது ஆள் விசா எடுக்கணும். அது நாடு இல்லாம என்ன?"

கீழே கடையில் என் கூடப்பிறந்த றம்ஸி நானா கூரையைப் பார்த்து, "சேல எடுக்க வந்தவங்க ஓடுறாங்க புள்ள" என்று கத்துவார். நாங்கள் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரிப்போம். நான் மொழிபெயர்ப்பு நாவல்கள் படிக்கிறவள். அவற்றில் ஆட்கள் இருநூறு பக்கத்துக்கு ஒரு கடிதத்துக்காகக் காத்திருப்பார்கள், வெளியே பனி பெய்யும். மாத்தளையில் பனி பெய்யாது என்பதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

பரீட்சை முடிந்து கொழும்பிலிருந்து திரும்பும்போது ஒரு ஒப்பந்தம் செய்தோம். அவரவர் முடிவை அவரவர் பார்ப்பதில்லை. என் அனுமதி அட்டை அவளிடம், அவளுடையது என்னிடம். ஒரே நாளில் ஒரே தபாற்கந்தோரில் விண்ணப்பம் போட்டிருந்ததால் எங்கள் சுட்டெண்கள் அடுத்தடுத்து வந்திருந்தன. எனக்கு 30416, அவளுக்கு 30417. இரட்டைப் பிள்ளைகள் என்று ஸக்கியா சொன்னாள்.

காத்திருந்த பத்து வாரங்கள்தான் என் வாழ்க்கையில் நல்ல காலம். கறுப்புக் கோட்டு எனக்கு எடுப்பாக இருக்குமா, அவளுக்கா என்று சண்டை பிடித்தோம். கொழும்பில் எடுக்கப்போகும் அறைக்கு ஜன்னல் துணிகூட வெட்டி வைத்துவிட்டோம், நீலத்தில் வெள்ளைப் புள்ளி. அவளுடைய வாப்பா லாபிர் ஹாஜியார் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "ஒரு தடவ எழுது. கெடச்சா கொழும்புக்குப் போ, நான் மறிக்க மாட்டேன். கெடைக்காட்டி நிக்காஹ்." ஸக்கியா அதை நடித்துக் காட்டுவாள், வாப்பாவின் இருமலோடு. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

பெறுபேறு ஒரு வியாழக்கிழமை பகல் வந்தது. அவள் வீட்டில் சிக்னல் இல்லாததால் பஸ் ஏறி வந்தாள். என் கட்டிலில் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்தோம், ஆளுக்கொரு போன். ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி அழுத்தினோம்.

அவள் தெரிவாகியிருந்தாள். நான் கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன் டீச்சர், அதை நீங்கள் நம்பவேண்டும். அதற்குள் அவள் திரும்பிவிட்டாள். முகம் முழுக்கக் கண்ணீர்.

"நுஸ்லா, ஒனக்கு இல்ல புள்ள."

என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கிராம்பு வாசனை. "நீ இல்லாம நான் போகமாட்டேன். கேக்குதா? போகவே மாட்டேன்" என்றாள்.

சம்மதம் என்பது ஒருவர் தன் வாயால், யாரும் வற்புறுத்தாமல் சொல்வது என்று நீங்கள்தானே கற்பித்தீர்கள். நான் அவளை வற்புறுத்தவில்லை.

"எனக்கு என்ன வந்திருக்கு?" என்று கேட்டாள்.

"ஒனக்கும் இல்ல" என்றேன்.

தன் போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். "ரெட்டப் புள்ளைகள் பெயிலும் ஒண்ணாவா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன். கொண்டாட்டத்துக்கென்று உம்மா வைத்திருந்த வட்டலப்பத்தை இரண்டு கரண்டியால் சட்டியோடு முடித்தோம். அவ்வளவு இலேசாக நான் ஒருநாளும் இருந்ததில்லை.

கடைசிக் கரண்டியோடு, "காட்டேன் பாப்போம்" என்றாள். அந்தப் பக்கத்தில் பெயர் வராது, சுட்டெண்ணும் முடிவும் மட்டும்தான். நான் என் எண்ணை அடித்து நீட்டினேன். கடைசி இலக்கத்தின் மேல் என் கட்டைவிரல் இருந்தது. போனைப் பிடித்தால் கட்டைவிரல் எங்காவது இருக்கத்தானே வேண்டும்.

அவளுடைய அனுமதி அட்டையை அவள் திருப்பிக் கேட்கவில்லை. பெயிலான எண்ணை யார் கேட்பார்கள்.

மற்றதெல்லாம் தானாக நடந்தது. லாபிர் ஹாஜியார் வீட்டுக்கு உக்குவளையிலிருந்தும் நாவுலையிலிருந்தும் சம்பந்தம் வந்தது. முன்பின் தெரியாத வீட்டுக்கு அவளை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. றம்ஸி நானாவுக்கு அவளைப் பேசச் சொல்லி உம்மாவிடம் சொன்னேன். நானாவுக்கு நான் சொல்வதை மறுக்கத் தெரியாது. ஸக்கியா மூன்று நாள் பதில் சொல்லவில்லை. நாலாம் நாள், "ஒன்னோடயாவது இருக்கலாமே" என்றாள். இதுவும் அவள் வாயால் சொன்னதுதான்.

நீங்கள் அப்போது அவளைப் பற்றி என்னிடம் விசாரித்தீர்கள். நிக்காஹ் முடிவாகிவிட்டது, இனிப் படிக்க விருப்பமில்லையாம் என்று நான்தான் சொன்னேன். "சந்தோசமாய் இருக்கட்டும்" என்றீர்கள். அவள் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். கல்யாண வீட்டில் நான் ஆடிய ஆட்டத்தில் செருப்பு அறுந்துபோனது. நீலத்தில் வெள்ளைப் புள்ளித் துணியை என் அறை ஜன்னலிலேயே போட்டோம். வீணாகவில்லை. கொழும்பு பஸ் போகும்போது அவள் அந்த ஜன்னலை மூடுகிறாள். தூசிக்காக என்று நினைக்கிறேன்.

நான் பொறாமையில் செய்தேன் என்று நீங்கள் நினைக்கக்கூடும். இல்லை டீச்சர். எனக்குக் கிடைக்காததைப் பற்றி நான் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை. நான் இப்போது படிக்கும் நாவலில் 212ஆம் பக்கத்தில் ஒரு ரயில் பனியில் சிக்கிக்கொள்கிறது. யாரும் எங்கும் போக முடியாது. பெட்டிக்குள் எல்லோரும் ரொட்டியைப் பங்கிட்டுப் பாட்டுப் பாடுகிறார்கள். ரயிலை நிறுத்தியது யார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

போன மாதம் ஸக்கியா மறுபடி கிராம்பு வாசனையோடு மேலே வந்தாள். அவள் வாப்பா வீட்டில் கிராம்பு காயப்போடும் நாட்கள், போய் வந்திருந்தாள். "மதினி, ஒங்க நானா படின்னு சொல்லிட்டாரு. திரும்ப எழுதுவமா, ரெண்டு பேரும்?" என்றாள். நிக்காஹுக்குப் பிறகு கேலிக்கு மதினி என்றுதான் கூப்பிடுகிறாள். நான் அவளைத் தூக்கிச் சுற்றினேன். அன்றே கேள்வி பதில் தொடங்கிவிட்டது. கட்டிலில் நின்றுதான் பதில் சொல்கிறாள். கீழேயிருந்து நானா கத்துகிறார். எல்லாம் பழையபடி.

விண்ணப்பப் படிவத்தை அவள் அழகான கையெழுத்தில் நிரப்பி, "ஒன்னோடதையும் சேத்து ரெஜிஸ்டர் தபால்ல போட்டுடு. இந்தத் தடவயும் நம்பர் தள்ளிப் போகக் கூடாது" என்று என்னிடம் தந்தாள். முடிவுத் திகதி நாளை, வியாழன். நீங்கள் வெள்ளிக்கிழமை வாருங்கள். இந்தக் கடிதத்தை அப்போது கையிலேயே தருகிறேன். உம்மாவிடம் வட்டலப்பம் செய்யச் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் நீங்களே சொல்லுங்கள், நான் பக்கத்தில் இருப்பேன். அவள் முதலில் அழுவாள், பிறகு சிரிப்பாள். எனக்கு அவளைத் தெரியும்.

இன்று காலை தபாற்கந்தோருக்குப் போய் வந்தேன். படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"போட்டியா?"

"போட்டேன்."

"ரெண்டும்?"

"ரெண்டும்."

கையைத் தட்டிக்கொண்டு மேலே ஓடினாள். அவளுடைய படிவம் என் நாவலின் 212ஆம் பக்கத்தில் இருக்கிறது, ஒரு மடிப்புக்கூட விழாமல். என்னுடையதுக்குத் தபாற்கந்தோர் தந்த பற்றுச்சீட்டு கைப்பையில் இருக்கிறது. நீ இல்லாமல் போகமாட்டேன் என்று சொன்னது ஸக்கியாதானே டீச்சர். நான் அப்படி எதுவும் சொல்லவில்லை.