லூர்து மாதாவைப் பனிமலைக்குக் கொண்டுபோனது தொடர்பாக

எனது பெயர் அந்தோனிப்பிள்ளை ஜெனிற்றா. வயது இருபத்தாறு. பிறந்த இடம் மன்னார், பேசாலை. பரிஸ் லாச்சப்பலில், கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள கட்டடத்தின் நான்காம் மாடியில் அம்மாவுடன் வசிக்கிறேன். அதே தெருவில் ஒரு புடவைக்கடையில் விற்பனையாளராக வேலை செய்கிறேன். மணமாகவில்லை. பிரெஞ்சு பேசுவேன், ஆனால் கோபமோ சந்தோஷமோ வந்தால் என் பிரெஞ்சு போதாமல் போகிறது. இந்த விஷயத்தில் இரண்டும் வரும் என்பதால் தமிழில் சொல்கிறேன். மொழிபெயர்ப்பாளர் உடன் இருக்கிறார்.

எங்கள் செபக்குழுத் தலைவர் றெமிஜியஸ் அண்ணை சனிக்கிழமை பொபினி பொலிஸ் நிலையத்தில் கொடுத்த முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அதில் எங்கள் வீட்டிலிருந்து லூர்து மாதா சொரூபம் ஒன்று திருடப்பட்டது என்றும், வீட்டில் இருந்த பெண்ணையும் காணவில்லை என்றும் உள்ளது. அந்தப் பெண் நான்தான். பின்னர் காட்டப்பட்ட காணொளியில், சொரூபத்தை நெஞ்சோடு கட்டிக்கொண்டு பனியில் சறுக்கி வருபவரும் நான்தான். கத்துவதும் நானே.

மாசி மாதம் லூர்து மாதா திருநாளுக்கு முந்திய ஒன்பது நாளும் எங்கள் சொரூபம் நாளுக்கு ஒரு வீடாகப் போகும். முழங்கை உயரம், சுண்ணத்தால் செய்தது, கீழே விழுந்தால் உடையும். அதற்கு இரண்டு விதிகள் உண்டு. வந்த வீட்டில் மாதாவைத் தனியே விடக்கூடாது, யாராவது கூட இருக்கவேண்டும். பொறுப்பெடுத்தவரே தன் கையால் அடுத்த வீட்டில் ஒப்படைக்கவேண்டும், இன்னொருவரிடம் கொடுத்துவிடக் கூடாது. வெள்ளிக்கிழமை மாலை சொரூபம் எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மா ஹோட்டலில் அறை துப்புரவு செய்பவர், சனிக்கிழமையும் வேலை. ஆகவே பொறுப்பு என்னுடையது. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அதைப் பொபினியில் மரியநாயகி அக்கா வீட்டில் நான் கொடுக்கவேண்டும்.

மரியநாயகி அக்காவைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர் கணவரோடும் மூன்று பிள்ளைகளோடும் பதினொரு வருடம் ஒற்றை அறையில் இருந்தவர். செபத்துக்கு ஆட்கள் இருக்க அங்கே இடமில்லை என்று ஒவ்வொரு வருடமும் அவருடைய முறையைத் தாண்டிப் போய்விடுவார்கள். அவர் வாய் திறந்து ஒன்றும் கேட்டதில்லை. இந்த மாதம்தான் அவருக்கு அரசாங்க வீடு கிடைத்தது. முதலில் மாதா உள்ளே போகவேண்டும், அதன்பின்தான் நாங்கள் என்று நேர்ந்திருந்தார். பழைய அறையைக் காலிசெய்து, பூட்டின் திறப்பைச் சனிக்கிழமை காலையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான் போகாவிட்டால் ஐந்து பேருக்கும் அன்று படுக்க வீடு இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று பனிமலைக்குப் போனேன். ஆறு மணிக்கு முன் வந்துவிடுவேன் என்று உறுதியாக நம்பினேன்.

வெள்ளிக்கிழமை மாலை செபமாலை முடிந்து எல்லோரும் போனபின் குசினியில் நான்கு பேர் மிஞ்சினோம். என் சித்தியின் மகன் சிரில், உணவகத்தில் கொத்துறொட்டி போடுபவன். அவனுடைய நண்பர் தோமா, மரக்கறி லொறி ஓட்டுபவர், ஒரு வயதுக் குழந்தைக்குத் தகப்பன். என்னோடு கடையில் வேலை செய்யும் சுஜானி, இங்கேயே பிறந்தவள். நான்காவது ஆள் நான். அம்மா படுத்துவிட்டார். அந்த நேரம் ஜன்னலுக்கு வெளியே பனி தூறியது, தரையில் பட முன்னமே கரைந்துபோகும் பரிஸ் பனி. சிரில் அதைப் பார்த்து, ஒன்பது வருடமாக இந்த நாட்டில் இருந்தும் இதற்கு மேல் பனியைக் கண்டதில்லை என்று குறைப்பட்டான். சுஜானி பள்ளிக்கூடக் காலத்தில் வோஜ் மலையில் ஸ்னோபோர்ட், அதாவது பலகையில் நின்று பனியில் சறுக்குவது, பழகியவள். ஐந்து மணித்தியாலம் ஓடினால் இடுப்பளவு பனி கிடக்கிறது, விடியப் போய்ப் பொழுதுபட வந்துவிடலாம் என்றாள். தோமா, தன் கார் சும்மாதான் நிற்கிறது என்றார். தேநீர் ஆறுவதற்குள் எல்லாம் முடிவாகிவிட்டது. தூண்டியது யார் என்று அதிகாரி கேட்கிறார். நால்வரும்தான்.

அதன்பின்தான் எனக்கு மாதாவின் ஞாபகம் வந்தது. தனியே விடமுடியாது, வேறு யாரிடமும் கொடுக்கவும் முடியாது. ஆகவே கொண்டுபோவது என்று தீர்மானித்தேன். போகாமல் விடுவதும் ஒரு வழிதானே என்று மொழிபெயர்ப்பாளர் இப்போது சொல்கிறார். அந்த வழி எனக்குத் தோன்றவேயில்லை.

சனிக்கிழமை விடிய அம்மா வேலைக்கு இறங்கியபின், சொரூபத்தைத் துவாயில் சுற்றி எடுத்து, காரின் பின் சீற்றில் என் பக்கத்தில் இருத்திப் பட்டியும் போட்டேன். செபத்தில் மிஞ்சிய றோல்ஸ் பலகாரத்தையும் எடுத்துக்கொண்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை, சொன்னால் விடமாட்டார். நெடுஞ்சாலை ஏறியதும் செபமாலை சொன்னோம், மிச்ச வழி முழுக்கப் பாட்டுத்தான். மலைக்குக் கிட்டப் போனதும் வயல், வீட்டுக்கூரை, மரம் எல்லாம் ஒரே வெள்ளை. சிரில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, இரண்டு கையாலும் பனியை அள்ளி முகத்தில் பூசினான். முப்பத்திரண்டு வயது ஆள்.

அதன்பின் அங்கே சப்பாத்தும் பலகையும் வாடகைக்கு எடுத்தோம். கைத்தொலைபேசிகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம், சுஜானி மட்டும் படம் எடுக்கத் தன்னுடையதை வைத்துக்கொண்டாள். அங்கே அதற்கு இணைப்புக் கிடைக்கவில்லை. பழகுபவர்களுக்கென்று சரிவு குறைந்த ஓர் இடம் உண்டு. நகரும் பாயில் நின்றால் அதுவே மேலே கொண்டுபோய் விடும், கீழே வருவது நம் பாடு. விதிப்படி ஒருவர் மாறி ஒருவர் சொரூபத்தோடு ஓரத்தில் கிடந்த வாங்கில் உட்கார்ந்திருந்தோம், மற்ற மூவரும் சறுக்கினோம். சறுக்கினோம் என்பதைவிட விழுந்தோம் என்பது சரி. சிரில் ஒரு வேலியைக் கட்டிப்பிடித்தான். தோமா உருண்டு போய் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் நடுவில் நின்று எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். நான் பலகையைக் காலில் மாட்டிய கையோடு நின்ற இடத்திலேயே விழுந்தேன், பிறகும் விழுந்துகொண்டே இருந்தேன். சிரித்துச் சிரித்து எழும்ப முடியாமல் கிடந்தேன். நான் அப்படிச் சிரித்துக் கனகாலம்.

பிறகு வாங்கில் இருப்பது என் முறை. மற்றவர்கள் என்னை மறந்துவிட்டார்கள். நான் மாதாவோடு இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், பொறுமை போய்விட்டது. தோமாவின் மகளை நெஞ்சில் சுமக்கும் பை காரில் கிடந்தது. மாதாவையும் தூக்கிக்கொண்டு போய் அதை எடுத்துவந்து, துவாயோடு சொரூபத்தை அதற்குள் இருத்தி, இறுக்கிக் கட்டி, மேலே ஜக்கெற்றைப் பூட்டினேன். மாதாவின் முகம் மட்டும் வெளியே தெரிந்தது. தோமா வேண்டாம் என்றுதான் சொன்னார், அதையும் எழுதவும்.

அதன்பின் மேலே போய்ச் சறுக்கினேன். விழவில்லை. விழக்கூடாது என்றதும் முழங்கால் தானாக மடிந்தது, கை தானாக விரிந்தது. காற்று முகத்தில் அடித்தது. எனக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை, சந்தோஷம் மட்டும் வந்தது, கத்தினேன். சுஜானி படம் எடுத்தது அப்போதுதான். மதியத்துக்கு வெளிக்கிட வேண்டும் என்று தோமா கூப்பிட்டார். இன்னும் ஒரு தரம் என்று கேட்டது நான். அதன்பின்னும் ஒரு தரம் கேட்டதும் நான்தான்.

மலையிலிருந்து இறங்கும் வழியில் ஒரு பாரவண்டி பாதைக்குக் குறுக்கே வழுக்கி நின்றதால், அதை இழுத்து விலக்கும்வரை காத்து நின்றோம். அங்கே இணைப்புக் கிடைத்ததும் சுஜானி காணொளியைத் தன் அக்காவுக்கு அனுப்பினாள். சிறிது நேரத்தில் அது லாச்சப்பல் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதன்பின் அம்மா தொலைபேசி எடுத்தார். மதியம் வீட்டுக்கு வந்த அவர், சொரூபத்தையும் காணாமல் என்னையும் காணாமல் கள்ளர் வந்ததாக நினைத்து றெமிஜியஸ் அண்ணைக்குச் சொல்ல, அவர் பொலிசுக்குப் போயிருக்கிறார். அம்மா முதலில் கேட்டது, "மாதா எங்கை?" என் மடியில் என்றேன். அதன்பின்தான் என்னைப் பற்றிக் கேட்டார். மரியநாயகி அக்கா குடும்பம் பாய், சட்டி பானையோடு மாடிப்படியில் இருப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகு காருக்குள் யாரும் பாடவில்லை.

பொபினிக்குப் போய்ச் சேர எட்டு மணியாகிவிட்டது. லிஃப்ட் பழுது. மாதாவை மறுபடியும் பையில் நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஐந்து மாடியும் ஏறினேன். மேல் படிகளில் செபக்குழு ஆட்கள் படிக்கு ஒருவராக இருந்து மாதா பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். சுருட்டிய மெத்தைகளின் மேல் பிள்ளைகள் இருந்தார்கள். வீட்டுக் கதவு திறந்துதான் கிடந்தது, உள்ளே ஒருவரும் இல்லை. முறைப்பாட்டை விசாரிக்க வந்த அதிகாரியாகிய தாங்களும் அங்கே நின்று கோப்பி குடித்துக்கொண்டிருந்தீர்கள். அதை எழுதத் தேவையில்லை என்கிறீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்லவேண்டும் என்று முதலில் சொன்னதும் தாங்கள்தான்.

றெமிஜியஸ் அண்ணை என்னைக் கண்டதும் ஏசத் தொடங்கினார். விளையாட்டுக்குக் கொண்டுபோன சொரூபத்தை அப்படியே ஒரு வீட்டுக்குள் வைக்க முடியாது, நாளைக்குக் கோவிலில் பங்குச் சுவாமியிடம் காட்டி மந்திரித்த பின்தான் எடுக்கலாம் என்றார். பாட்டு நின்றுவிட்டது. நாளைக்கு என்றால் அன்று இரவு அந்தக் குடும்பம் எங்கே போகும் என்று நான் கேட்க நினைத்தேன். பிழை என்னுடையது, படியில் இருப்பது அவர்கள்.

அப்போது மரியநாயகி அக்கா எழும்பி வந்தார். என் ஜக்கெற்றின் பூட்டை இழுத்துத் திறந்து, சொரூபத்தின் முகத்தையும் கையையும் தடவிப் பார்த்தார். அதன்பின் என்னைப் பார்த்து, "தனிய விட்டனியோ?" என்று கேட்டார்.

"இல்லை அக்கா. ஒரு நிமிசமும் விடேல்லை."

றெமிஜியஸ் அண்ணை பக்கம் திரும்பி, "அப்ப முறை தவறேல்லை, அண்ணை" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவர் படியில் ஒதுங்கி வழி விட்டார்.

அதன்பின் அக்கா என்னை உள்ளே வரச் சொன்னார். வாசலில் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தேன். நெஞ்சில் மாதா இருந்ததால் கால் தெரியவில்லை, காலையில் பனிக்குள் நடந்த என் சப்பாத்தின் நூல் ஊறி முடிச்சு இறுகிக் கிடந்தது, எவ்வளவு இழுத்தும் வரவில்லை. பின்னால் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் ஆட்களின் வீட்டுக்குள் சப்பாத்தோடு யாரும் போவதில்லை. புது வீட்டுக்குள் முதல் ஆளாகப் போவதென்றால் சொல்லத் தேவையில்லை.

அக்கா என் முழங்கையைப் பிடித்துத் தூக்கினார். "சப்பாத்தோடை வா, பிள்ளை. பதினொரு வருசம் நிண்டிட்டம். இனி உந்த முடிச்சுக்காக நிக்கேலாது."

நான் உள்ளே போனேன். எனக்குப் பின்னால் பிள்ளைகள் மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு இடித்துத் தள்ளி ஓடிவந்தார்கள்.

என்மேல் குற்றம் ஏதும் எழுதவேண்டும் என்றால், இரண்டு மணித்தியாலம் பிந்திப் போனேன் என்று எழுதவும். அதை ஒப்புக்கொள்கிறேன். திருட்டு என்று எழுதினால் கையெழுத்து வைக்கமாட்டேன்.

மேலே உள்ளவை தமிழில் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. ஒருவரும் வற்புறுத்தாமல் நானாகச் சொன்னவை, நடந்தபடியே உள்ளன, கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை.

(ஒப்பம்) அ. ஜெனிற்றா