ஒரு வேலைக்கு ஒரு ஆள்

காலையில் எழுந்ததும் ஏசியை அணைப்பேன். தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு, அது கொதிப்பதற்குள் சட்டைக்கு இஸ்திரி போட்டு முடிப்பேன். சேர்த்துச் செய்யக்கூடிய இரண்டு வேலைகளை நான் தனித்தனியாகச் செய்வதில்லை. முந்தின நாள் குபூஸ் ரொட்டியைத் தோசைக்கல்லில் வாட்டி, டின் பால் ஊற்றிய தேநீரோடு நின்றுகொண்டே சாப்பிடுவேன். கப்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஷூ போடுவேன்.

இன்று இரண்டு கப். மற்றது உங்களுக்கு, மாமா. சர்க்கரை போடவில்லை. உங்களுக்கு ஆகாது என்று அகிலா சொல்லியிருக்கிறாள். செத்துப்போன மனைவிக்கும் ஒரு கப் எடுத்து வைத்து அழுகிற ஆள் நான் இல்லை. உட்காருங்கள். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டேன்.

நேற்று மாலை மதீனா பீவி வந்து உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதனால்தான் இதைச் சொல்கிறேன். வேறு காரணம் இல்லை.

"ஒரு தடவ எட்டிப் பாத்திருந்தா போதுமே அண்ணே. வருசா வருசம் பாக்குறவ அன்னக்கி மட்டும் பாக்கலயே. அல்லா என்னயக் கேப்பானே," என்றார். நீங்கள் காலை உருவிக்கொண்டு, "ஏம்மா பாக்கல?" என்று கேட்டீர்கள். அவர் போன பிறகு என் தோளில் கை வைத்து, "எல்லாத்தையும் ஒழுங்காச் செய்ற ஆளு நீங்க. உங்களுக்குப் போய் இப்படி ஆயிருச்சே மாப்பிள்ளை," என்றீர்கள்.

அவர் பார்க்காததற்குக் காரணம் நான். என் பொறுப்பில் இருந்த ஒன்றை இன்னொருவர் தன் தலையில் ஏற்றிக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. அது ஒழுங்கல்ல.

கட்டுமானக் கம்பெனி ஒன்றின் நிதிப் பிரிவில் இருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். பெண் பார்க்க வந்தபோது அதை மட்டும்தான் கேட்டீர்கள். எனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கவில்லை. மூன்று விஷயங்கள் பிடிக்கும். ஒரு பெரிய வேலையைச் சின்னச் சின்ன வேலைகளாகப் பிரித்து, எது எதற்குப் பிறகு என்று வரிசைப்படுத்தி முடிப்பது. அதற்காக மாலை வகுப்பு போய்ப் படித்துக்கொண்டிருந்தேன். பரீட்சை எழுதினால் நிதிப் பிரிவிலிருந்து புராஜெக்ட் பக்கம் மாறியிருக்கலாம். இரண்டாவது கால்பந்து. மூன்றாவது கரி அடுப்பில் இறைச்சி சுடுவது. இந்த மூன்றிலும் அவசரப்படுகிறவன் தோற்பான். அவசரப்படாமல் இருப்பது எனக்கு இயல்பாக வரும்.

இந்தச் சுவரில் ஆணி அடித்த இடம் தெரிகிறதா? அங்கே ஒரு பார் சார்ட் இருந்தது. பரீட்சை, வேலை மாற்றம், பெரிய ஃபிளாட், குழந்தை, எல்லாம் கோடுகளாக. அகிலா அதைப் பார்த்துச் சிரிப்பாள். "இதுல எனக்குப் பசிக்கிறது எந்த மாசம்னு போட்டிருக்கீங்க?" என்று கேட்பாள். கேள்வியில் விஷயம் இல்லை.

அல் மம்சார் பூங்காவில் ஒருமுறை நண்பர்கள் எல்லோரையும் அழைத்திருந்தோம். அன்று ஈரக்காற்று, கரி பிடிக்கத் தாமதமானது. "இவர் பத்த வச்சு முடிக்கிறதுக்குள்ள ஆடு எழுந்து ஊருக்கே போயிடும்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சத்வாவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் கீழக்கரைக்காரர் கௌஸ் முகம்மது, மதீனா பீவியின் கணவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். கரி பிடித்தது. இறைச்சி நன்றாக வந்தது. அதை யாரும் சொல்லவில்லை.

இதற்காகச் செய்தேன் என்று நினைக்காதீர்கள். கேலிக்காக ஒருவரைத் தண்டிக்கிற மனிதன் இல்லை நான்.

டிசம்பரில் ஒரு நாள் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவள் வாசலில் நின்று, "பிப்ரவரியில நான் ஊருக்குப் போறேன்," என்றாள்.

"எத்தனை நாளைக்கு?"

"திரும்பி வரல. அப்பாகிட்ட பேசிட்டேன். வாம்மான்னு சொல்லிட்டாரு."

"சார்ட்டில் அது இல்லை," என்றேன்.

அவள், "நீங்க ஒரு தடவையாவது கோபப்பட்டிருந்தா நான் இருந்திருப்பேன்," என்றாள். பிறகு போய்ப் பாத்திரம் தேய்த்தாள்.

வாம்மா என்று சொன்னது நீங்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீங்கள் கேட்கவில்லை. இதை உங்கள்மேல் பழியாகச் சொல்லவில்லை. எது எதற்குப் பிறகு வந்தது என்று சொல்கிறேன்.

குளிர்காலத்தில் இங்கே குடும்பங்கள் சேர்ந்து ஹத்தா மலைப்பக்கம் கூடாரம் போடுவது வழக்கம். கௌஸ் முகம்மது ஒவ்வொரு வருடமும் போவார். மதீனா பீவிக்கு அங்கே ஒரு பழக்கம் உண்டு. யாராவது படுக்கப் போனால், பகலோ இரவோ, கூடாரம் கூடாரமாகப் போய்த் துணியை விலக்கி உள்ளே தலையை நீட்டுவார். கங்கு இருந்தால் அவரே இழுத்து வெளியே வைப்பார். அவர் தம்பி தம்மாமில் வேலை பார்த்தபோது ஒரு குளிர்காலத்தில் அறைக்குள் கரி அடுப்போடு தூங்கி எழுந்திருக்கவில்லை. ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் புகை வந்தால்தான் ஆபத்து என்று நினைக்கிறார்கள். நன்றாகச் சிவந்த கங்கில் புகை இருக்காது, வாசனையில்லாத விஷவாயு இருக்கும். அது தெரியாமல் இங்கே வருடம்தோறும் சிலர் போகிறார்கள்.

இந்த முறை ஏற்பாட்டை நான் செய்கிறேன் என்றேன். கௌஸ் முகம்மதுக்குச் சந்தோஷம். வேலைகளைப் பிரித்தேன். தண்ணீர் அவர், சமையல் மதீனா பீவி, கூடாரம் அவர் கடைப் பையன்கள், தீ நான். ஒரு வேலைக்கு ஒரு ஆள். அடுத்தவர் வேலையில் கை வைக்கக் கூடாது. வைத்தால் இருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள். இது படித்த விஷயம், உண்மையும்கூட.

போன அன்றே மதீனா பீவி எங்கள் கூடாரத்தை விலக்கித் தலையை நீட்டினார். "லாத்தா, தீ என் பொறுப்பு. நீங்க பாத்தா நான் எதுக்கு?" என்றேன்.

"பழக்க தோசம் தம்பி, கோவிச்சுக்கிடாதிய," என்றார்.

"பாத்தியா, ஒன் உத்தியோகத்த மேனேஜரு புடுங்கிட்டாரு. கலாஸ், முடிஞ்சுபோச்சு," என்று கௌஸ் முகம்மது கேலி செய்தார். மதீனா பீவிக்கு வெட்கமாகிவிட்டது. அதன் பிறகு அவர் எந்தக் கூடாரத்திலும் தலை நீட்டவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து தூறல். மலைக்காற்று. அகிலாவுக்குக் காய்ச்சல். மதிய உணவைத் தொடாமல் போர்த்திப் படுத்துவிட்டாள். கௌஸ் முகம்மதுவும் பையன்களும் ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து சாப்பிட்டார்கள். அன்று சுட்ட இறைச்சியை எல்லோரும் பாராட்டினார்கள். அடுப்பில் கங்கு நன்றாக இருந்தது. அதை அடுப்போடு எடுத்துக்கொண்டு எங்கள் கூடாரத்துக்குப் போனேன். அவள் குளிர் காயட்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். மழை வராமல் இருக்க நான்கு பக்கமும் துணியை இழுத்துக் கட்டினேன். நன்றாகக் கட்டினேன்.

பிறகு பந்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஓடையின் மணலில் கல் வைத்து கோல் கட்டியிருந்தார்கள். கௌஸ் முகம்மதுவும் அவர் கடைப் பையன்களும் ஒரு பக்கம். நானும் பக்கத்துக் கூடாரத்து மலையாளிகளும் மறுபக்கம். "தங்கச்சி எங்கெ?" என்று மதீனா பீவி கேட்டார். "தூங்குறா லாத்தா, எழுப்ப வேண்டாம்," என்றேன். அவர் பாத்திரங்களைக் கழுவப் போய்விட்டார்.

நல்ல ஆட்டம். இரண்டுக்கு இரண்டு. மழை வலுத்தது. நிறுத்திவிடலாமா என்று ஒருவர் கேட்டார். "சமனில் விடுவதா? அடுத்த கோல் யாருக்கோ அவர்கள் ஜெயித்தார்கள்," என்றேன். எல்லோருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் பந்து என் காலுக்கு வந்தது. எதிரே கோல்கீப்பர் வழுக்கி விழுந்து கிடந்தார். கோல் காலியாக இருந்தது. பந்தை உருட்டிவிட்டால் போதும்.

வெளியே அடித்தேன்.

"என்ன மாப்ளே, ஒட்டகமே நொழஞ்சு போயிரும், அதுலயும் வெளிய அடிச்சிட்டியளே. கணக்கு எழுதுற காலு!" என்று கௌஸ் முகம்மது இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆட்டம் தொடர்ந்தது. அவர்கள் அந்தி நேர மஃரிப் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூ செய்யப் போகும்வரை யாரும் கோல் அடிக்கவில்லை. எங்கள் பக்கம் நான் இருந்ததால் அது கடினமாக இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நானே போய்த் துணியை விலக்கினேன், நானே மற்றவர்களைக் கூப்பிட்டேன். கௌஸ் முகம்மதுவின் பிக்அப்பில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். விசாரித்த போலீஸ்காரர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். குளிர்காலத்தில் இப்படி நடப்பதுதான் என்றார். நான் விளையாடப் போகும்போதே அடுப்பை வெளியே வைத்துவிட்டேன், குளிர் தாங்காமல் அவளே எழுந்து உள்ளே இழுத்து வைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று சொன்னேன். உங்களிடமும் அதைத்தான் சொன்னேன். நீங்கள், "சின்ன வயசுலேருந்தே அவளுக்குக் குளிர் ஆகாது," என்று அழுதீர்கள். எனக்கு அது உதவியாக இருந்தது. உண்மையில் அன்று அவளால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை.

இதில் நான் செய்தது என்ன என்று நிதானமாக யோசித்திருக்கிறேன். குளிரில் நடுங்குகிறவளுக்கு நெருப்பு கொண்டுபோய் வைத்தேன். மழைக்குத் துணி கட்டினேன். பந்து விளையாடினேன். தனித்தனியாகப் பார்த்தால் இதில் எதுவும் குற்றம் இல்லை. அடுப்பை வெளியே எடுக்கும் ஒரு வேலை மட்டும் முடிய வேண்டிய நேரத்தில் முடியவில்லை. அப்படித்தான் மூன்று மாதமாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளும் தூக்கத்திலேயே போய்விட்டாள், எதுவும் தெரிந்திருக்காது என்றும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேற்று மதீனா பீவி அழுததைப் பார்த்தபோது, அவரால் எட்டிப் பார்த்திருக்க முடியும், ஆனால் எட்டிப் பார்த்தது ஒருவர்தான் என்று தோன்றியது. அது நான்.

ஆட்டத்தில் பாதி நேர இடைவேளை விட்டோம். எல்லோரும் தண்ணீர் குடித்தார்கள். நான் துண்டு எடுத்து வருகிறேன் என்று கூடாரத்துக்குப் போனேன். ஒரு பக்கம் மட்டும் துணியை விலக்கினேன். அவள் கண் திறந்திருந்தது. ஒரு கையால் தரையைப் பிடித்து வாசல் பக்கம் கொஞ்சம் நகர்ந்து வந்திருந்தாள். போர்வை பின்னால் கிடந்தது. அடுப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் மக்கு இல்லை, மாமா. நீங்கள் படிக்க வைத்த பெண்.

நான் துண்டை எடுத்துக்கொண்டேன். துணியைத் திரும்பக் கட்டினேன். வெளியே கௌஸ் முகம்மது, "யல்லா மாப்ளே, மழ கூடுது," என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஃபோனில் ஒன்றைக் கேட்டீர்கள். நேற்று விமான நிலையத்தில் இறங்கியதும் அதையே கேட்டீர்கள். கடைசியா என் பொண்ணு என்ன சொன்னா மாப்பிள்ளை என்று. 'நீங்க போய் விளையாடுங்க, நான் தூங்குறேன்' என்று சொன்னதாகச் சொல்லியிருந்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. என்னை என்றும் பெயர் சொல்லிக் கூப்பிடாதவள் அன்று கூப்பிட்டாள். குரல் மெதுவாக இருந்தது, ஆனால் தெளிவாகக் கேட்டது.

"விமல், என்னை வெளியில தூக்கிட்டுப் போங்க. நான் ஊருக்குப் போகல."