ஒண்ணுல ஓடுற மோட்டார்

இல்ல சார், ராட்டினம் இல்ல. பாலிசியில ராட்டினம்னு போட்டிருக்கா? போட்டிருக்கும். எழுதினது என் கொழுந்தனார், உங்க கம்பெனி ஏஜென்ட்தான். குதிரைய நடக்க வைக்கிற மெஷின்னு ஃபாரத்துல ஒரு கட்டம் இல்லையாம். கிட்டத்தட்ட இதானேன்னு ராட்டினத்துல டிக் அடிச்சுட்டார். மறு மாசமே உங்க ஆபீஸ்லேருந்து லெட்டர், ஒரு நாளைக்கு எத்தனை குழந்தைங்க ஏறுதுன்னு. ஏழு குதிரை ஏறுது, ஒண்ணுகூட டிக்கெட் வாங்கறதில்லன்னு பதில் போட்டேன். அதுக்கும் பேரைத் திருத்தலயே! கீழ ஒரு வரி சேத்தாங்க, குதிரைகளுக்கு மட்டும்னு. அதுவரைக்கும் சந்தோஷம்.

குனிஞ்சு வாங்க, கம்பி தலையில இடிக்கும். நடுத்தூண் இது. இதுலேருந்து நாலு கை. கைக்கும் கைக்கும் நடுவுல ஒரு குதிரைய விட்டா, மோட்டார் சுத்தச் சுத்த பின்னாடி இருக்கிற தடுப்பு தள்ளிக்கிட்டே வரும், குதிரை நடந்துதான் ஆகணும். உங்க ஆபீஸ்லயும் அப்படித்தானே?

மோட்டார் இங்க. மோந்து பாருங்க, பதினோரு நாளாகியும் தீஞ்ச வாடை போகல. நீங்க வர்ற வரைக்கும் தொடக் கூடாதுன்னாங்க. தொடல சார், தூசிகூடத் தட்டல. அவ்வளவு நாணயமான குடும்பம். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா புது மோட்டார். போடலன்னா இந்த நாலு கையும் துணி காயப்போட ஆகும்.

கரண்ட் ஏறி இறங்குச்சான்னா கேக்கறீங்க? இறங்கியிருக்கும். எலி ஒயரைக் கடிச்சிருக்கும். லாயத்துல எலிக்கா பஞ்சம்? எழுதிக்குங்களேன், எலின்னு.

வேகத் திருகு ஒண்ணுல நிக்குதா? யார் கையாவது பட்டிருக்கும். ஆமா, குதிரை நாலுல நடக்கும். துறுதுறுன்னு இருக்கறதுக்கு ஏழு. ஒண்ணுல எது நடக்கும்னு கேட்டா, ஏதோ நத்தை வளக்கறோம்னு வெச்சுக்குங்க. டீ ஆறுது பாருங்க.

தடுப்புல சுத்தியிருக்கிற துண்டா? குதிரைக்குக் கை வலிக்கும்ல சார். சிரிக்கவே மாட்டீங்களா நீங்க? போன தடவை டிராக்டருக்கு ஒருத்தர் வந்தார். டயரை எண்ணினார், நாலும் இருக்குன்னார், போயிட்டார். நல்ல மனுஷன். நீங்க என்னடான்னா மோட்டாருக்குப் பின்னாடி இருக்கிற காத்தாடிய விரலால சுத்தி வேற பாக்கறீங்க.

ம். சொல்லுங்க. மெதுவா ஓட்டினா இந்தக் காத்தாடியும் மெதுவாத்தான் சுத்தும். சூடு தணியாது. தினம் ஒரு மணி, ரெண்டு மணி அப்படியே ஓட்டினாத்தான் இப்படிக் கருகும். எலி கடிச்சா இப்படி ஆகாதுங்கறீங்க. எல்லாம் சரிதான். ஊர்ல அத்தனை பேர் இருக்க, படிச்ச ஆளாப் பாத்து எனக்கு அனுப்பியிருக்காங்க.

எலின்னே சாதிங்க அண்ணி, எலி வந்து மறுக்கவா போகுதுன்னார் கொழுந்தனார். நல்ல யோசனைதான். ஆனா புது மோட்டார் வந்தாலும் நான் ஒண்ணுலதானே ஓட்டுவேன்? அதுவும் கருகும். திரும்ப நீங்கதான் வந்து நிப்பீங்க, இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு.

நோட்டை மூடாதீங்க தம்பி, எழுதுங்க. குதிரையத் தவிர வேற யாராவது இதைப் பயன்படுத்தினாங்களான்னு ஒரு கேள்வி இருக்குமே, அதுல ஆமான்னு போடுங்க. நீங்க வணக்கம் சொல்லியும் பேசாம இருந்தாரே, வாசல் நாற்காலியில, அவர்தான். என் வீட்டுக்காரர். முப்பது வருஷமா அடுத்தவங்க குதிரைக்கெல்லாம் நடை பழக்கினவர். போன வருஷம் வாதம் வந்து அவருக்கு ஒரு பக்கம் விழுந்துடுச்சு. நடக்கப் பழக்கிவிட ஒரு அம்மா வந்தாங்க, அவங்களைப் பாத்தாலே முகத்தைத் திருப்பிக்கிட்டார். நான் கூப்பிட்டேன், அவர் தம்பி கெஞ்சினார், ம்ஹூம். ஒரு நாள் கிழவி இதுல சுத்திக்கிட்டிருந்தா. கிழவின்னா அந்த வெள்ளைக் குதிரை. பாத்துக்கிட்டே இருந்தவர் நாற்காலியப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சார். நான் ஓடிப்போய் திருகை ஒண்ணுக்குக் கொண்டு வந்தேன். கிழவிக்குப் பின்னாடி தடுப்பைப் பிடிச்சுக்கிட்டு ஒரு சுத்து வந்தார். அப்புறம் தினமும். கருகின அன்னிக்கு இருபத்திரெண்டு சுத்து முடிஞ்சிருந்துச்சு.

பணம் வராதுன்னா வராது, விடுங்க. கிழவியத் தவிர எதை வேணாலும் வித்துக்கறேன். நான் கேக்கறது வேற. ஒண்ணுலயே ஓடினாலும் கருகாத மோட்டார்னு ஒண்ணு இருக்கா? காத்தாடி தனியா ஓடுற மாதிரி? இருக்கா! அப்ப அது பேரை அந்தத் தாள்ல எழுதிக் கிழிச்சுக் குடுங்க. கொஞ்சம் சீக்கிரம் தம்பி. மெஷின் நின்னதுலேருந்து மனுஷன் தினமும் காலையில எழுந்து, ரெண்டு காலுக்கும் ஷூ மாட்டிக்கிட்டு வந்து உக்காந்துடறார்.